ஏழாயிரத்து எண்ணூற்று நாற்பது மீட்டர்

"வீட்டை எப்பப் பிரிக்கிறதா உத்தேசம்?"

மாமனார் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சாப்பாட்டு மேசையின் மேல் ஒரு பெரிய வரைதாளை விரித்து, அது சுருண்டுகொள்ளாமல் இருக்க உப்பு டப்பா, தண்ணீர் ஜாடி, மூக்குக் கண்ணாடிக் கூடு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் மூலைக்கு ஒன்றாகப் பாரம் வைத்திருந்தார். சனிக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்த கையோடு. அவருக்கு வலப்பக்கம் மூத்த மகன், இடப்பக்கம் இளைய மகன். மாமியார் வழக்கம்போலச் சமையலறை வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். அவள் பின்னால் ஈரக் கையோடு நின்ற மருமகள் மேசையில் கிடப்பது என்னவென்று எட்டிப் பார்த்தாள். அது அவளுடைய தாள்.

மாமனார் நில அளவை அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் தம்பிகள் முட்டிக்கொண்டு வீடு உடையும்போது எந்தச் சுவர் யாருக்கு, மாடிப்படி யார் பக்கம், கழிவறையை யார் விட்டுக்கொடுப்பது என்று படம் போட்டுக் கொடுத்தே கண்பார்வையைத் தேய்த்தவர். சண்டை இல்லாத வீட்டுக்கு யாரும் அவரைப் படம் போடக் கூப்பிட்டதில்லை. ஆகவே பேப்பர் அடுக்கின் அடியில் சொந்த வீட்டின் படம், அதுவும் ஒவ்வொரு அறைக்கும் நீள அகலம் எழுதிய படம் அகப்பட்டதும் அவருக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

"இது எந்த வக்கீல் சொல்லிக் கொடுத்த வேலை?" என்றார் மூத்தவர், தம்பியைப் பார்த்து.

தம்பி, அதாவது அவளுடைய கணவன், லிஃப்ட் மெக்கானிக். ரெண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள் சிக்கியவர்களை வெளியே எடுப்பது அவன் தொழில். வீட்டில் அப்பாவுக்கும் மனைவிக்கும் நடுவே அவனே அப்படி நின்றுபோவான், எடுத்துவிடத்தான் ஆள் கிடையாது. இப்போதும் நின்றுபோனான்.

"சிவப்புக் கோடு போட்டா அது புதுசா வரப்போற சுவர்" என்று மாமனார் விரலை வைத்தார். "சமையல்கட்டுல மட்டும் எத்தனை சுவர்னு பாரு. நாப்பது இருக்கும். ஏம்மா, அடுப்பை எத்தனை துண்டா வெட்டப் போற?"

மருமகளுக்குத் தொண்டைக்குள் சிரிப்பு குமிழியிட்டது. இந்த நேரத்தில் சிரித்தால் அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரியும். தெரியத் தெரியச் சிரிப்பு இன்னும் மேலே ஏறியது.

அவளுக்கு அந்த வீட்டில் அஞ்சுபாடம் என்று பெயர். வைத்தவர் மூத்தவர். பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்தும் ஆசிரியையாவதற்கான கல்லூரிப் படிப்பு அவளுடையது. வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல், சமூகவியல் ஐந்தையும் சேர்த்துப் படித்தாக வேண்டும். ஒன்றிலும் உருப்படாதவர்களுக்குத்தான் ஐந்தையும் கலந்து கொடுப்பார்கள் என்பது மூத்தவரின் தீர்மானம். அவர் ஒரு பெரிய துணிக்கடையில் மேற்பார்வையாளர். விற்பனைப் பெண்கள் வேலை நேரத்தில் உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டு தளம் தளமாக நடப்பது அவர் உத்தியோகம். நாற்பதைத் தொட்டும் கல்யாணம் ஆகவில்லை, கேட்ட மாதிரிப் பெண் அமையவில்லை. கேட்டது என்னவோ சம்பளம் வாங்கும் டீச்சர்தான்.

அஞ்சுபாடத்துக்கு அந்தப் பட்டப்பெயர் ரகசியமாகப் பிடித்துத்தான் இருந்தது. படிக்கச் சேர்ந்த நாளிலிருந்தே அவள் தரையில் கால் பாவாமல் திரிந்துகொண்டிருந்தாள். முன்பெல்லாம் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், அவ்வளவுதான். இப்போது குழாயைத் திறந்தால், இந்தத் தண்ணீர் எந்த மலையில் இறங்கியது, யார் காலத்தில் குழாய் போட்டார்கள், நம் தெருவுக்கு ரெண்டு மணி நேரமும் பின்தெருவுக்கு அரை மணியும் விட வேண்டும் என்று எந்த நாற்காலியில் உட்கார்ந்து எவர் முடிவு செய்தார் என்று கேள்விகள் கொட்டும், வாளி நிரம்பி வழியும். மாமியார் வந்து குழாயை மூடிவிட்டு, "உன் பாடத்தை வாளி விளிம்போட நிறுத்திக்க" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

படிக்க அனுமதித்ததற்குக் காரணம் கல்லூரி பத்து மணிக்குத் தொடங்கி மூன்றுக்கு முடிந்ததுதான். காலை வேலையை முடித்துவிட்டுப் போய், மாலை வேலைக்குத் திரும்பிவிடலாம். வீட்டுக்கு ஒரு சேதமும் இல்லை. சேதம் வந்தது கடைசிப் பருவத்தில். ஊரின் மறுகோடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான்கு மாதம் வகுப்பெடுத்துப் பழக வேண்டும். ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் மணி அடிப்பதற்குள் போய்ச் சேரலாம். அதை முடிக்காவிட்டால் மூன்று வருடப் படிப்பும் வெறும் பொழுதுபோக்குத்தான், சான்றிதழ் கிடையாது. திருமணமானவள் என்றால் கணவர் கையொப்பம் போட்ட சம்மதப் படிவம் வேறு வேண்டும். இருபத்தேழு வயதுக்காரி, நாற்பது பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கலாம் என்று கல்லூரியே சொல்கிறது; அவளை அனுப்பலாமா என்று இன்னொருவர் சொல்ல வேண்டும். அந்த இன்னொருவர் அப்பாவின் முகம் பார்க்காமல் பேனாவைத் திறக்க மாட்டார். திங்கட்கிழமை காலை படிவத்தோடு பள்ளியில் நிற்க வேண்டும். படிவம் ஒரு வாரமாக மேசை டிராயரில் கிடந்தது.

"மாமா, அது சுவர் இல்ல. அத்தை" என்றாள் அஞ்சுபாடம்.

"என்னது?"

"சிவப்புக் கோடு அத்தை. நீலம் நீங்க மூணு பேரும். அது காலேஜ்ல கொடுத்த வேலை மாமா. பாகப்பிரிவினை இல்ல."

அவள் மூச்சு விடாமல் விளக்கினாள். தெரிந்த இடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அளந்து படம் போட வேண்டும். ஒரு நாளில் அங்கே யார் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று கோடு இழுக்க வேண்டும். அது புவியியல். அந்தக் கோட்டிலிருந்து மற்ற நான்கு பாடத்துக்கும் கேள்வி எடுக்க வேண்டும். கூடப் படிப்பவர்கள் சந்தை, பஸ் நிலையம், ஆஸ்பத்திரி என்று தேர்ந்தெடுத்தார்கள். அவளுக்குச் சந்தையில் போய் நிற்க நேரம் கிடையாது. நின்ற இடத்திலேயே நின்று படிக்கக்கூடிய இடம் இந்த வீடுதான். திங்கட்கிழமை படிவத்தோடு இதையும் கொடுக்க வேண்டும்.

மேசையைச் சுற்றி ஒரு பெரிய நிம்மதி இறங்கியது. மூத்தவர் வாய்விட்டே சிரித்தார். வீடு உடையவில்லை, வெறும் வீட்டுப்பாடம்.

மாமியார்தான் சிரிக்கவில்லை. அவள் நிலையை விட்டு நகர்ந்து மேசையருகே வந்தாள். ஆண்கள் உட்கார்ந்திருக்கும்போது பரிமாற அல்லாமல் அவள் அங்கே வருவது வழக்கமில்லை. அந்த வீட்டில் பெண்கள் மேசையில் சாப்பிடுவதில்லை. எல்லாரும் எழுந்த பிறகு சமையலறையில் மேடையோரம் நின்றபடியே சாப்பிட்டுவிடுவார்கள். யாரும் உட்காரக் கூடாது என்று சொன்னதாக ஞாபகமில்லை, யாரும் உட்காரச் சொன்னதாகவும் ஞாபகமில்லை.

அவள் குனிந்து பார்த்தாள். முன்னறையில் நீலம் நாலைந்து கோடுகளாக, மழை விட்ட தெருபோல அமைதியாக இருந்தது. சமையலறையிலிருந்து கொல்லைக் குழாய் வரைக்கும், குழாயிலிருந்து மேசை வரைக்கும் சிவப்பு ஒன்றின்மேல் ஒன்றாக ஓடித் தாளே கிழிந்துவிடும்போல இருந்தது.

"இது பூரா நானா?" என்றாள்.

"ஆமா, அத்தை. போன ஞாயித்துக்கிழமை. காலைல அஞ்சரைலேர்ந்து சாயந்தரம் அஞ்சரை வரைக்கும். ஆறாயிரத்து நூறு மீட்டர்."

"நீ எங்கடி?"

"பச்சை. உங்க பின்னாடியே வந்ததால சிவப்புக்கு அடியில போயிடுச்சு."

மாமியார் விரல் நுனியால் ஒரு கோட்டைத் தொட்டுக் கொஞ்ச தூரம் கூடவே போய்ப் பார்த்தாள்.

மாமனாருக்கு இப்போதுதான் கோபம் வந்தது. பாகப்பிரிவினைச் சந்தேகத்தில் வந்த கோபம் குடும்பத் தலைவருடையது. இது வரைவாளருடையது, இது இன்னும் சூடு. இந்த நாலு அறைக்குள் ஒரு மனுஷி ஆறு கிலோமீட்டர் நடக்கிறாளாம். வடக்கு எது என்று அம்புக்குறி இல்லை. காலடி வைத்து அளந்திருக்கிறாள், நாடா கிடையாது. இப்படிப்பட்ட படத்தை அவர் அலுவலகத்தில் நீட்டியிருந்தால் மேலதிகாரி ஜன்னல் வழியாக வீசியிருப்பார். ஆறாயிரமாம். அறுநூறு இருந்தால் அதிகம். இது தன் வீட்டைப் பற்றி வெளியே போகிற ஆவணம். பொய் அளவோடு போக விடமாட்டேன் என்று சொல்லி, அலமாரி மேலிருந்து தன் பழைய ஐம்பது மீட்டர் நாடாவை எடுத்துத் தூசி தட்டினார்.

"நாளைக்கு நானே அளக்கறேன். நீ எப்பவும் செய்யறதைச் செய்" என்றார் மனைவியிடம். "கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு, நாற்பத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் முதல் முறையாக, அவர் மனைவிக்கு முன்னால் எழுந்து சமையலறையில் நின்றார். ஒரு கையில் நாடா, இன்னொரு கையில் குறிப்பேடு, காதில் பென்சில். அடுப்பிலிருந்து குழாய்க்குப் பதினொன்று புள்ளி நான்கு மீட்டர். ஒரு பயணத்துக்கு ஒரு கோடு. ஆறு மணிக்குள் குறிப்பேட்டில் வேலி கட்டினாற்போலக் கோடுகள் நின்றன.

போகிற வழியில் நாலு இடத்தில் நிற்கிறாளே, எங்கெங்கே என்று குறிக்க வேண்டாமா? எதையும் அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லாத மனிதர். சர்க்கரை டப்பா எங்கே, தேயிலை எங்கே, தீப்பெட்டி எங்கே, துடைக்கும் துணி எங்கே என்று ஒவ்வொன்றையும் கேட்டு, நிற்கும் புள்ளிகளுக்கு எண் போட்டார். மொத்தம் அறுபத்து மூன்று புள்ளி வந்தது. இந்த வீட்டில் அறுபத்து மூன்று இடங்கள் இருப்பதே அவருக்குச் செய்தி.

"கொஞ்சம் மெதுவா நட" என்றார் ஏழரை மணிக்கு.

"பால் பொங்கிடும்" என்றாள் மாமியார், போகிற போக்கில்.

முதலில் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. புருஷன் பின்னாலேயே வருகிறார், தெருவில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள். எட்டு மணிக்குள் கூச்சம் போய்விட்டது. அவள் வேலை செய்வதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. செய்து முடித்ததைத்தான் பார்த்திருந்தார்கள், அதுவும் குறை இருந்தால் மட்டும். இப்போது ஒருவர் அதை எழுதி வேறு வைக்கிறார். அவள் திரும்பிப் பார்த்து, "இதை எழுதினீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தாள். குழாயடியில் வாளியை வைத்துவிட்டு, "இது பாதி வாளி. நிறைஞ்ச வாளிக்குத் தனியா கோடு போடுங்க" என்றாள். அஞ்சுபாடம் பாத்திரத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமியாரும் சிரித்தாள். மருமகள் வந்து நாலு வருடத்தில் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே விஷயத்துக்குச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

துவைத்த துணியோடு மாமியார் மாடிக்கு ஏறியபோதுதான் மாமனாருக்குப் பிடிபட்டது. இருபத்திரண்டு படி. அஞ்சுபாடத்தின் படத்தில் மாடியே இல்லை. மூன்றாவது தடவை ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். நாடா மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது, நுனியை மாமியார் பிடித்திருந்தாள்.

பத்து மணிக்கு எழுந்துவந்த மூத்தவர் சற்று நேரம் இதையெல்லாம் பார்த்துவிட்டு, அம்மா வேண்டுமென்றே நடக்கிறாள் என்று தீர்ப்புச் சொன்னார். கடையிலும் இப்படித்தான், கண்காணிக்கிறோம் என்று தெரிந்தால் ஓடி ஓடி வேலை செய்வதுபோலக் காட்டுவார்களாம்.

மாமனார் படியிலிருந்தே பதில் சொன்னார். "நான் பொய்க் கணக்கு எழுதறவன் இல்லடா. நீ டீ கேட்டே, அதுக்கு முப்பத்தாறு மீட்டர். சர்க்கரை போதலைன்னே, இன்னொரு பதினெட்டு."

சாயங்காலம் ஐந்தரைக்கு அவர் மேசையில் உட்கார்ந்து கூட்டினார். ஒரு முறை கூட்டி, நம்பாமல் கீழிருந்து மேலாக மறுபடி கூட்டினார். பிறகு படத்தைத் தன் பக்கம் இழுத்து, மருமகளின் பென்சில் கோடுகளின் மேல் மையால் வரையத் தொடங்கினார். மாடியைச் சேர்த்தார். அறுபத்து மூன்று புள்ளிகளுக்கும் வட்டமிட்டு, பக்கத்தில் சர்க்கரை, தேயிலை, தீப்பெட்டி என்று பொடி எழுத்தில் குறித்தார். வடக்குக்கு அம்பு போட்டார். ஒரு மணி நேரத்தில் அது அரசாங்க முத்திரை ஒன்றுதான் குறை என்னும்படி நிமிர்ந்து நின்றது. கடைசியில் கீழே எழுதினார்: ஏழாயிரத்து எண்ணூற்று நாற்பது மீட்டர். சரிபார்க்கப்பட்டது. கையெழுத்து, தேதி.

"நீ குறைச்சலா அளந்திருக்க" என்றார் அஞ்சுபாடத்திடம். "ஆயிரத்து எழுநூத்து நாப்பது மீட்டர் விட்டுட்ட. ஆனா முயற்சி நல்லாருக்கு."

அவளுக்கு உச்சந்தலை வரை சந்தோஷம் ஏறியது. டிராயரைத் திறந்து படிவத்தை எடுத்துப் படத்தின் மேல் வைத்தாள்.

மாமனார் படிவத்தைப் படித்தார். ஆறரை மணி, நான்கு மாதம் என்ற இடங்களில் பென்சிலால் தட்டினார். பிறகு, மனதில் கல்மிஷமே இல்லாமல், நியாயஸ்தனின் நிதானத்தோடு சொன்னார்:

"இது முடியாதும்மா. இன்னிக்கு நானே கண்ணால பார்த்தேன். இவ்வளவு வேலை இருக்கற வீட்டுல ஒரு ஆளை எப்படி வெளிய அனுப்பறது? உன் அத்தை இந்த ஏழாயிரத்து எண்ணூறோட உன் நடையையும் சேர்த்து நடந்தா செத்துப்போயிடுவா. நீயே படம் போட்டுக் காட்டியிருக்க."

மூத்தவர் அப்பாவைப் பெருமையாகப் பார்த்தார். கணவன் தரையைப் பார்த்தான். அஞ்சுபாடம் நின்ற இடத்தில் நின்றாள். இரண்டு நாளாக உள்ளே பறந்துகொண்டிருந்த அத்தனையும் ஒரே நேரத்தில் இறக்கையை மூடிக்கொண்டது. ஐந்து பாடம் படித்தாயிற்று, இதற்கு என்ன பதில் என்று ஐந்தில் ஒன்றும் சொல்லித் தரவில்லை.

அப்போது நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பழைய பேப்பர் அடுக்கை ஏற்றி வைத்திருக்கும் நாலாவது நாற்காலி. மாமியார் பேப்பரைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு அதில் உட்கார்ந்தாள். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"எத்தனைன்னு சொன்னீங்க?"

"ஏழாயிரத்து எண்ணூத்து நாப்பது."

"அஞ்சா வகுத்தா எவ்வளவுடி?"

அஞ்சுபாடத்துக்கு ஒரு விநாடி கேள்வியே விளங்கவில்லை. விளங்கியதும், "ஆயிரத்து ஐநூத்து அறுபத்தெட்டு, அத்தை" என்றாள். குரல் கீச்சென்று வந்தது.

"அவ சாயந்தரம் வந்து அவ பங்கை நடந்துடுவா. என் பங்கை நான் நடப்பேன். மீதி மூணு பங்கு இருக்கு" என்றாள் மாமியார். "சண்டை போடறவங்க வீட்டையெல்லாம் பிரிச்சுக் கொடுத்தீங்க. நம்ம வீட்டைப் பிரிக்க வேணாம். வேலையைப் பிரிங்க. உங்களுக்குத் தெரிஞ்ச தொழில்தானே."

"என்னம்மா பேசறீங்க" என்றார் மூத்தவர். "நான் ஒம்பது மணிக்குக் கடையில நிக்கணும்."

"ஒம்பதுக்குத்தானே. ஆறுக்கு எழுந்திரு."

மாமனார் வாயைத் திறந்தார். தன் கையெழுத்துக்கு மேல் தானே எழுதிய எண்ணைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். இல்லை என்று சொல்வதென்றால் அளவு தப்பு என்று சொல்ல வேண்டும். அவரால் எதை வேண்டுமானாலும் சொல்ல முடியும், அதை மட்டும் முடியாது.

மாமியார் அவர் காதிலிருந்த பென்சிலை விட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து இளைய மகன் முன்னால் வைத்தாள். அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் பேனாவைத் திறந்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு, லிஃப்டிலிருந்து வெளியே வந்தவனைப்போலப் பெரிய மூச்சாக விட்டான்.

அன்று சாப்பாட்டின்போது மாமியார் நாலாவது நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கணவன் தட்டுகளைக் கொண்டுவந்தான். ஜன்னலோரத்து முக்காலியை இழுத்துப் போட்டு அஞ்சுபாடமும் உட்கார்ந்தாள். முட்டி மேசையில் இடித்தது, சோறு இறங்க விடாமல் சிரிப்பு வந்தது. மூத்தவர் உப்பு எங்கே என்று பொதுவாகக் கேட்டார். யாரும் எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே போனார்.

திங்கட்கிழமை ஆறேகாலுக்கு அஞ்சுபாடம் படியிறங்கினாள். தோளில் பை. பையில் படிவம், சாக்கட்டி, முதல் வகுப்புக்காக ஏழு முறை திருத்தி எழுதிய குறிப்பு. வீதி முழுக்க வெளிச்சம் பரவிக்கொண்டிருந்தது. பால் வண்டியும் பள்ளிக்கூடச் சுவரும் தந்திக் கம்பமும் அவளிடம் ஏதோ கேட்டுவிட வேண்டும் என்று துடிப்பதுபோல இருந்தது. இன்றைக்கு நாற்பது பேர் அவளை டீச்சர் என்று கூப்பிடுவார்கள். அந்த வார்த்தையை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே அவள் கிட்டத்தட்டத் துள்ளினாள்.

வாசல் கதவுவரை வந்த மாமியார் அங்கேயே நிற்பாள் என்று நினைத்தாள். நிற்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே தெருவில் இறங்கிவிட்டாள்.

"பஸ் ஏறற வரைக்கும் வரேன். காலைல இந்தத் தெரு எப்படி இருக்கும்னே பார்த்ததில்ல" என்றாள். பிறகு, "இதுக்கெல்லாம் கோடு போடாதே" என்றாள்.

பத்தடி போயிருப்பார்கள். வீட்டுக்குள்ளே ஏதோ ஒரு மூடி தரையில் உருண்டது. சமையலறை ஜன்னலிலிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"சர்க்கரை எங்க இருக்கு?"

மாமியார் திரும்பவில்லை. "நீங்கதானே குறிச்சு வச்சீங்க. படத்தைப் பாருங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

உள்ளே டிராயர் திறந்தது, மூடியது. இன்னொரு டிராயர்.

"படம் எங்க இருக்கு?"

படம் நான்காக மடிந்து அஞ்சுபாடத்தின் பையில் இருந்தது. அவள் மாமியாரைப் பார்த்தாள், மாமியார் அவளைப் பார்த்தாள். இரண்டு பேரும் நடையை எட்டிப் போட்டார்கள்.